ஆழம் குறைந்த பக்கம்

தண்ணீருக்குள் இறங்கியதும் பெனிட்டாவின் கால்கள் தரையை விட்டு எழவில்லை. தேய்த்துக்கொண்டே போயின, மணலைக் கிளறிக்கொண்டு போவதுபோல. இங்கே மணல் எங்கே இருக்கிறது, நீல ஓடுதான், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஓடுகிற சிமெண்டுக் கோடு உள்ளங்காலில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டுக்கொண்டே வந்தது. இது கோயம்புத்தூர், இது நீச்சல் குளம், இதில் திருக்கை கிடையாது என்று தினமும் காலுக்குச் சொல்லிப் பார்க்கிறாள், கால் கேட்பதில்லை. ஊரில் கரையோர மணலுக்குள் திருக்கை மீன் புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைத்து மிதித்தால் வால் முள்ளால் போட்டுவிடும், தேய்த்துக்கொண்டே போனால் அதிர்வு தெரிந்து அதுவாக விலகிப் போகும், நடக்கப் பழகியபோதே பழகிய நடை அது. முதல் நாள் பின்னால் வந்த கமலவேணியக்கா அதைக் கவனித்துவிட்டு, "இந்தப் புள்ள காலத் தூக்காமப் போகுது பாருங்க, வழுக்குமாட்ட இருக்குது" என்று தானும் தேய்க்க ஆரம்பித்தாள். அக்காவைப் பார்த்து அவளுக்குப் பின்னால் வந்த பல் டாக்டரம்மா, அந்த அம்மாவைப் பார்த்து மற்றவர்கள். இப்போது காலை நேரத்துப் பெண்கள் வகுப்பு மொத்தமும், இல்லாத திருக்கைக்கு வழி விட்டுத்தான் குளத்துக்குள் இறங்குகிறது. பெனிட்டாவுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பை யாரிடமும் சொல்ல முடியாது. ஏன் சிரிக்கிறாய் என்றால் கடலைச் சொல்ல வேண்டும், கடலைச் சொன்னால் சர்ஃபிங்கைச் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பலகையில் எழுந்து நின்று அலை மேல் போனவள் நான் என்று சொல்ல வேண்டும், அப்புறம் இங்கே ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்ற கேள்வி வரும். இன்றைக்கோ கடைசி வகுப்பு. கடைசி வகுப்பில் எல்லோரும் ஆழமான பக்கத்தில் குதிக்க வேண்டும் என்று வினோதா மிஸ் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பியைப் பிடித்துக் காலை உதைக்கிறபோது எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். ஆழத்தில் விழுந்த உடம்பு தன் வேலையைப் பார்க்கும், அதன் வாயைப் பொத்த முடியாது. கமலவேணியக்கா கரையில் நின்று அதைப் பார்ப்பாள். ஒரு மாதமாக இந்தப் பிள்ளை என்னை ஏமாற்றியிருக்கிறதே என்பது அந்தப் பெரிய வட்ட முகத்தில் மெல்ல மெல்ல வந்து படிவதை பெனிட்டா நேற்று ராத்திரியே படுக்கையில் பார்த்துவிட்டாள், இப்போது மறுபடியும் பார்த்தாள், தண்ணீரின் மேல், நீலத்தில், கலைந்து கலைந்து சேருகிற ஒரு முகம்.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. முதல் நாள் வினோதா மிஸ், யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்டபோது ஒருத்தரும் கை தூக்கவில்லை, அவள் மட்டும் தூக்கினாள், முழுதாகக்கூட இல்லை, தோள் உயரத்துக்கு. "மல்லாந்து மிதந்து காட்டுங்க" என்றார் மிஸ். அவ்வளவுதானா என்று இருந்தது. மிதப்பது என்பது செய்கிற ஒன்றா என்ன, கட்டிலில் படுப்பதைப் போலத்தானே, காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் ஊர் சத்தமெல்லாம் அணைந்துபோகும், வானம் மட்டும் மேலே இருக்கும், கடல் முதுகுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படியே சாய்ந்தாள். யாரும் பிடிக்கவில்லை. கால் முதலில் இறங்கியது, இடுப்பு பின்னால் போனது, எங்கே போகிறோம் என்று புரிவதற்குள் மூக்கில் குளோரின் ஏறி நெற்றிக்குள் பற்றி எரிந்தது, எழுந்து நின்று இருமினாள், கண்ணிலும் மூக்கிலும் வழிய. உப்புத் தண்ணீர் தூக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. ஒன்பதாம் வகுப்பில் படித்து மார்க் வாங்கிய பாடம். படித்தது தலை, உடம்பு படிக்கவில்லை. "இதுக்குப் பேருதான் நீச்சல் தெரியுமா?" என்றார் மிஸ், கோபமாக இல்லை, களைப்பாக, இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்தவராக, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்மா, ஆபத்து. போய்க் கம்பியப் பிடிங்க." அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இல்லை மிஸ், நான் கடலில் நீந்துகிறவள், இது எனக்குப் புதுத் தண்ணீர். என்ன சின்ன வாக்கியம். அதை அவள் தொண்டையில் அடுக்கி, வார்த்தைகளின் வரிசையை மாற்றி, மரியாதை போதுமா என்று பார்த்து, தயாராகி நிமிர்ந்தபோது மிஸ் குளத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார். எப்போதும் இப்படித்தான். வாக்கியம் தயாராகும்போது ஆள் போயிருப்பார்கள். பலகையில் நிற்கும்போது இந்தத் தொல்லை இல்லை, அலையிடம் எதையும் விளக்க வேண்டாம். அவள் கிளம்புகிற அன்றைக்குக்கூடச் சைலஸ் அண்ணன் சொன்னான், பெரியப்பா மகன், ஊரில் முதன்முதலில் பலகை வாங்கியவன், "ஏட்டி, நீ வாயத் தொறந்து ஒரு டீ வாங்கிக் குடிச்சு நான் பாத்ததில்ல. கடலும் இல்லாத ஊர்ல யார்கிட்டட்டி பேசுவ?" அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "சும்மா கெடலே. கடல்ல கெடந்து கருத்தது போதும். எஞ்சினியரு வேலைக்குப் போற பிள்ளைகிட்ட என்ன பேச்சு பேசுதான்." பம்பு கம்பெனி வேலை. நாள் முழுக்கத் தண்ணீரைக் குழாயில் ஏற்றி, தொட்டியில் இறக்கி, மறுபடியும் ஏற்றி, எவ்வளவு வருகிறது என்று அளக்கிற வேலை. தண்ணீர் இங்கே சொன்னபடி கேட்கிறது. அதைப் பார்க்க அவளுக்கு ஏனோ பாவமாக இருக்கும்.

"பயப்படாதே கண்ணு. நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு" என்றாள் அன்றைக்குக் கமலவேணியக்கா, பக்கத்தில் நகர்ந்து, கம்பியில் இடம் விட்டு. முழங்கை வரை மறைக்கிற நீச்சல் உடை, அதன் மேல் ஒரு டீ-ஷர்ட், காதை நசுக்குகிற ரப்பர் தொப்பி, தொப்பிக்குள் மறைந்துபோன காதில் கழற்ற மறந்த தோடு. கணபதி ஏரியாவில் பேக்கரி வைத்திருக்கிறாள். மூட்டு வலிக்கு டாக்டர் நீந்தச் சொல்லியிருக்கிறார். "அந்தாளு சொல்லீட்டாரு, தண்ணி மூட்டத் தாங்கும்னு. என்னையத் தாங்குமான்னு அவருகிட்டக் கேக்க மறந்துட்டேன் பாரு." ஒரு மாதம் முழுக்க அந்தக் கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு அக்கா பேசினாள், பெனிட்டா கேட்டாள். சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்மார் எல்லோரும் நீந்துவார்களாம், இவள் மேல்படியில் நின்று வேடிக்கை பார்ப்பாளாம், ஒரு நாள் ஒருத்தன் விளையாட்டாகத் தள்ளிவிட்டு அவனே தூக்கினானாம், வீட்டுக்குப் போனால் அடி இவளுக்கு. "பொம்பளப்புள்ளைக்குக் கெணத்து மேட்டுல என்ன வேலைன்னு. தள்ளுனவனுக்குப் பணியாரம்." அதைச் சொல்லிவிட்டு அக்கா தானே சிரித்தாள், சிரிப்பு முடிந்த பிறகும் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தே இருந்தன. பெனிட்டா அந்த விரல்களைப் பார்த்தாள். அவள் பார்க்கிறவள், அதுதான் அவளுக்குத் தெரிந்தது. அலையைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கமோ என்னவோ, மனிதர்களிலும் எது எழும், எது பாதியில் உடையும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வகுப்பு முடிந்ததும் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிடுவாள் அக்கா, போகிற வழியில் கடையில் நிறுத்தி அடுப்பிலிருந்து வந்த தேங்காய் பன், சூடு தாள் வழியாக மடியில் இறங்கும். ஹாஸ்டல் அறையில் மற்ற இரண்டு பெண்களும் ஹெட்போனுக்குள் வாழ்கிறவர்கள். கம்பெனியில் அவளை "அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு" என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட, காய்ச்சல் வந்தபோது தொட்டுப் பார்க்க, இந்த ஊர் முழுக்க ஒரே ஆள். அந்த ஆளுக்கு இவள் யார்? கூடப் பயப்படுகிறவள். அதுதானே. அந்த ஒரு கயிற்றில்தான் எல்லாம் தொங்குகிறது. பயம் இல்லை என்றாகிவிட்டால் தேங்காய் பன்னுக்கு என்ன நியாயம், ஸ்கூட்டியின் பின் இருக்கைக்கு என்ன நியாயம்?

"காலு மடங்கக் கூடாது, மடங்கக் கூடாது" என்று மிஸ் விசில் ஊதினார், எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதைத்தார்கள். குளம் நுரைத்தது. நுரையின் சத்தத்தில் கண்ணை மூடினால் கொஞ்ச நேரத்துக்கு வேறு எங்கோ போய்விடலாம். மூடினாள். இன்றைக்குக் காலையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, வரும்போதே மரங்களில் பார்த்தாள், பாலக்காட்டுப் பக்கம் மலைக்கு நடுவில் இருக்கிற வழியாக வருகிற காற்று, ஈரமாக, குளிராக. மேல்காற்றை ஊரில் கச்சான் என்பார்கள், அங்கே அது வெக்கையாக வரும், மணலை வாரி முகத்தில் போடும், கடலைத் தேய்த்து மட்டமாக்கிவிடும். இது கச்சானா, இதற்கு இங்கே என்ன பேர், யாரிடமாவது கேட்க வேண்டும். ஒருவேளை இதே காற்றுதானோ, இங்கே அவள் தலையைத் தொட்டுவிட்டு, ஈரத்தையெல்லாம் வழியில் கொட்டிவிட்டு, சாயங்காலம் அங்கே போய்ச் சேருமோ, சைலஸ் அண்ணன் பலகைகள் வைக்கிற கொட்டகை வாசலில் நின்று உதட்டை நக்கிப் பார்த்து, இன்றைக்கு வேலைக்கு ஆகாது என்பானோ. அப்படியெல்லாம் இருக்காது. இருந்தால் நன்றாயிருக்கும். அவள் உதைத்தாள், கால் மடங்காமல், அப்புறம் நினைவு வந்து வேண்டுமென்றே மடக்கினாள். தெரியாதவளாக இருப்பது கஷ்டமான வேலை. ஒவ்வொரு உதையிலும் தெரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெளியே வைக்க வேண்டும், மூச்சைத் தப்பாக இழுக்க வேண்டும், தோளை இறுக்க வேண்டும். ஆரம்பத்தில் நடிப்பாக இருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, தோள் தானே இறுகுகிறது. போன வாரம் ஹாஸ்டல் குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவள் சொல்லி அல்ல, அதுவாக. அந்தக் கையை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், வேறு யாருடைய கையோ போல. பயப்படுகிறவர்களோடு நின்றால் பயம் வந்துவிடுமா, கண்வலி மாதிரி? அல்லது அது எப்போதோ வந்து உள்ளே புதைந்து கிடந்ததா? ஒரு தடவை, பெரிய அலை ஒன்று அவளைச் சுருட்டி அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டது, எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சள் இருட்டு, அப்போது பயம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் வரவில்லை. தளர்ந்து கிட என்று சொல்லியிருந்தார்கள், கிடந்தாள், கடல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கடலின் அடியை யாரும் பார்த்ததில்லை, அதனால் அதோடு பழக முடிந்தது. இந்தக் குளத்தின் அடி தெரிகிறது. ஆழமான பக்கத்தில், கண்ணாடிக்குள் வைத்ததுபோல, ஓடு ஓடாக, மூலையில் தண்ணீர் வடிகிற இரும்புக் கம்பி வலை, அதன் மேல் எப்போதோ விழுந்த ஒரு ஹேர் கிளிப், அசையாமல். எவ்வளவு தூரம் விழுவோம் என்று முன்கூட்டியே காட்டுகிற தண்ணீர். அவள் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

நீளமாக விசில். "எல்லாரும் மேல ஏறுங்க, அந்தப் பக்கம் வாங்க." ஏறினார்கள். உடை ஒட்டிக்கொண்ட தொடைகளும், குளிரில் கட்டிய கைகளுமாக, கரை ஓரமாகவே ஒரு ஊர்வலம். "கூடப் படிச்ச புள்ளைகளக் கட்டிக் குடுக்கறமாட்ட இருக்குது" என்றாள் அக்கா. பல் டாக்டரம்மா, "ஊசி போடற மாதிரிதான், பட்டுனு முடிஞ்சிரும்" என்றார், அவருடைய உதடும் நீலம். மிஸ் நீண்ட மூங்கில் கழியோடு விளிம்பில் நின்றார், யாராவது தடுமாறினால் நீட்டுவதற்கு. "பயந்தவங்கள முதல்ல அனுப்பிரலாம். பெனிட்டா, வாங்க." அவள் போய் நின்றாள். கால் விரல்கள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அடி இருந்தது. நீட்டியிருந்த கால் விரல்கள் அவளைக் கேட்காமல் விளிம்புக்கு உள்ளே திரும்பிக்கொண்டன, எப்படிக் குதிக்கப் போகிறேன் என்று அல்ல, எப்படிக் குதிக்காமல் இருப்பேன் என்றல்லவா இத்தனை நாளும் கவலைப்பட்டாள், இது என்ன, நிஜமாகவே முடியாதா, வாசலில் வைத்துவிட்டு வந்த பொருளைத் திரும்பிப் பார்த்தால் காணோம் என்பதுபோல, ஒவ்வொரு உதையாக எடுத்து வெளியே வைத்தாளே, அதெல்லாம் எங்கே, யார் எடுத்துப் போனது? "குதிங்கம்மா, கழி இருக்கு" என்றார் மிஸ். பின்னால் யாரோ தும்மினார்கள். ஈரமான ஒரு கை அவள் முதுகில் பட்டது. தள்ளவில்லை, சும்மா பட்டது. கமலவேணியக்கா அவள் காதோரம் வந்திருந்தாள்.

"போ கண்ணு. உனக்கு நல்லா நீந்தத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

பெனிட்டா திரும்பினாள். அக்காவின் முகம் அவள் ஒத்திகை பார்த்த முகமாக இல்லை. "தண்ணிக்குள்ள தலைய முக்கி எந்திரிச்சா நாங்கெல்லாம் மூஞ்சியத் தொடைக்காமக் கண்ணத் தொறக்கறமா? நீ ஒரு நாளுந் தொடச்சதில்ல. முழிச்சுட்டே வர்ற, மீனாட்ட. ரெண்டாம் நாளே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏங்க்கா நீங்க சொல்லல?"

"சொன்னா அந்த மிஸ்ஸு உன்னையத் தூக்கி இந்தப் பக்கம் போட்டிருக்கும். நான் அந்தக் கம்பிய யாரோட புடிச்சுட்டு நிக்கறது?" சொல்லிவிட்டு அக்கா எங்கோ பார்த்தாள், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள், கூச்சப்பட அவளுக்கும் தெரிந்திருந்தது. அடுக்கவும் மாற்றவும் நேரமில்லாமல் பெனிட்டாவின் வாக்கியம் வெளியே வந்தது, "அக்கா, எனக்கு இப்ப நெசமாவே பயமா இருக்கு." "சும்மா இரு." "நெசமாக்கா." அக்கா அவளை உற்றுப் பார்த்தாள், மாவு பதம் பார்க்கிறவள் பார்ப்பதுபோல. நம்பினாள். "சரி" என்றாள். இந்த முறை பயப்படாதே என்று சொல்லவில்லை. கை மட்டும் முதுகிலேயே இருந்தது. அந்தக் கை இருந்த இடத்திலிருந்து பெனிட்டா குதித்தாள்.

முதலில் சத்தம் அணைந்தது. அப்புறம் நீலம், மேலும் நீலம், குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு அவளுக்கு எதிர்த் திசையில் அவசரமாக ஏறிப் போயின. இந்தத் தண்ணீர் அவளைத் தூக்கவில்லை, அதற்கு அவள் யாரென்றே தெரியாது, கீழே போ என்றும் சொல்லவில்லை, மேலே வா என்றும் சொல்லவில்லை. கால் விரலில் ஓடு பட்டது. இவ்வளவுதானா அடி. வழவழப்பாக, குளிர்ந்து, ஒரு வீட்டுத் தரைபோல. அங்கே ஒரு கணம் நின்றாள், நிற்க முடிந்தது, தலைக்கு மேல் குளத்தின் மேற்பரப்பு வெளிச்சத் துணியாக அசைந்தது, அதற்கு அப்பால் நெளிகிற மஞ்சளும் சிவப்பும், கரையில் நிற்கிறவர்கள். கடல் என்றால் இந்நேரம் திருப்பிக் கொடுத்திருக்கும். இது கொடுக்காது, தானாகத்தான் போக வேண்டும். காலை ஊன்றி உதைத்தாள், மடங்காத கால், இழுத்தாள், தோள் இறுக்கத்தோடேயே இழுத்தது, பயம் போகவில்லை, கூடவே நீந்தி வந்தது, பக்கத்தில், ஒரு கை தூரத்தில். மேலே வந்தபோது அந்தப் பக்கச் சுவருக்கு அருகே வந்திருந்தாள். மிஸ் நீட்டிய மூங்கில் கழி காலி இடத்தில் நீட்டியபடியே இருந்தது. "ஏம்மா..." என்று தொடங்கிய மிஸ், விசிலை வாயில் வைத்து, எடுத்து, "அடுத்த மாசம் நீங்க நீச்சல் தெரிஞ்சவங்களோட ஏழரை மணி பேட்ச்" என்று மட்டும் சொன்னார். பல் டாக்டரம்மா கை தட்டினார். கமலவேணியக்கா கை தட்டவில்லை. விளிம்பில் தனியாக நின்றாள், இரண்டு கையும் டீ-ஷர்ட்டின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தன, விரல்கள் வெளுத்திருந்தன, பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் பெனிட்டா சுவரை விட்டாள். திரும்பி நீந்தி, குளத்தின் நடுவில், கழிக்கும் சுவருக்கும் எட்டாத இடத்தில் வந்து நின்று, கால் அடித்துக்கொண்டு, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு நாளும் எழுப்பாத குரலில், கடற்கரையில் காற்றை மீறிக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். "அக்கா, சாடுங்க! நான் நிக்கேன்!"

"என்ன சொல்லுது?" என்றார் யாரோ. "குதிக்கச் சொல்லுதுங்க, அவிக ஊர்ப் பேச்சு" என்றாள் அக்கா, எப்போதோ கற்றுக்கொண்டவள்போல. மூக்கைப் பிடித்தாள், விட்டாள், மறுபடியும் பிடித்தாள். "ஏனுங் மிஸ்ஸு, அந்தக் கழிய எனக்கு நேரா வெச்சுக்குங்க, புள்ளைக்கு அது வேண்டாம்." பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, குதிக்கவில்லை, விளிம்பிலிருந்து ஒரு மூட்டையைப் போல அப்படியே சாய்ந்தாள். குளம் பிளந்தது. எல்லார் முகத்திலும் தண்ணீர் அடித்தது. பெனிட்டா தலையை முக்கிக் கண் திறந்து பார்த்தாள், குமிழிகளின் வெள்ளைக்கு நடுவில் தேடுகிற ஒரு கை, அதைப் பிடித்தாள், அது அவள் மணிக்கட்டை, பிறகு தோளை, பிறகு கழுத்தைப் பிடித்தது, இரண்டு பேருமாக ஒரு முறை தாழ்ந்து மேலே வந்தார்கள். அக்கா வாய் நிறையத் தண்ணீரைத் துப்பினாள், முகத்தைத் துடைக்கக் கை எடுக்கப் பயந்து, இமைகளை அப்படியே பிரித்தாள், கழுவிவிட்ட மாதிரிச் சிவந்த பெரிய கண்கள், பெனிட்டாவின் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில்.

"கண்ணு, காலு எட்டலியே!"

"எனக்கும் எட்டலக்கா" என்றாள் பெனிட்டா.